வழிபாட்டில் இல்லாத கல்

எங்கள் மலையில் இருக்கும் பழைய கோட்டை, மண்டபம், வீரக்கல் என்று மூன்று இடங்களைப் புதுப்பித்துவிட்டதாகச் சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒரு வண்ண நோட்டீஸ் அடித்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகியிருக்கும் என்பதுதான். வட்டாட்சியர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டு கோப்பு பார்த்தவன் நான். புதுப்பித்தல் என்ற சொல் கோப்பில் நுழைந்தால் மலையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் போனோம். போகவேண்டிய காரியம் ஒன்று இருந்தது.

நாங்கள் மூன்று பேர். ஒருவன் என்னோடு பள்ளியில் படித்தவன். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கார் அவனுடையது. இன்னொருவர் குன்னூரில் எங்கள் தெருவிலேயே ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். என்னைவிட எட்டு வயது இளையவர், இருபத்தெட்டு வருசப் பழக்கத்தில் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். காரியம் அவருடையது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அடித்து, கார் டிக்கியில் இரண்டு பெட்டிகளாக வைத்திருந்தார். அதில் ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்க முடியாத நிலை. அவர்கள் குடும்பத்தில் முதல் பத்திரிகையை மஞ்சள் தடவி, இத்தலாரைத் தாண்டி மஞ்சூர் போகும் வழியில் ஒரு சரிவில் நிற்கும் புலிக்குத்திக் கல்லின் முன்னால் வைக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் தாய்மாமனுக்கே பத்திரிகை. நோட்டீஸில் மூன்றாவதாகப் போட்டிருந்த வீரக்கல் அதுதான்.

கல்லில் ஒரு வீரன் புலியைக் குத்திக்கொண்டு நிற்கிறான். பல நூற்றாண்டுப் பழமையானது. அந்த வீரன் தங்கள் குலத்தவன் என்று அவர்கள் சொல்கிறார்கள். அவர்களோ கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து உப்பும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு ஐந்து தலைமுறைக்கு முன்னால் மலைக்கு வந்தவர்கள். வீரன் செத்தது அதற்கு வெகுகாலம் முன்பு. இதை ஒருமுறை அவரிடம் எடுத்துச் சொன்னேன். "அதனால என்னங்ணா, சொந்தக்காரன் முன்னாடியே வந்து நமக்காக எடம் புடிச்சு வெச்சிருக்கான்னு வெச்சுக்கங்க" என்றார். அறிவை வைத்துப் பேசினால் இப்படித்தான் பதில் வரும் என்று விட்டுவிட்டேன்.

கல்லைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுப் பூட்டிவிட்டார்கள் என்று தெரிந்தபோது அவர் என்னிடம்தான் ஓடிவந்தார். தெரிந்த ஆளைப் பிடித்து, காவல்காரரிடம் பேசி, சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்துவிடலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். ஒரு துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடத்துக்கு மனு கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்கித்தான் போகவேண்டும் என்று சொல்லி, மனுவை நானே எழுதினேன். நல்ல மனு. பொருள், விவரம், கோரிக்கை எல்லாம் ஒரே பக்கத்தில். இரண்டு வாரத்தில் பதில் தயாராகிவிட்டது. கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை நானே நேரில் போய், ஒட்டிய உறையை வாங்கி வந்தேன். அடுத்தவர் பெயருக்கு வந்த உறையை நான் பிரிப்பதில்லை.

புதன்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் பத்திரிகை வைக்கவேண்டும். வழியில்தானே என்று மற்ற இரண்டு இடங்களையும் பார்த்துவிடுவது என்பது தொழிற்சாலை நண்பனின் ஏற்பாடு. ஓய்வு பெற்றவன் எந்தக் காரியத்துக்கும் இரண்டு காரியத்தைச் சேர்த்துக்கொள்வான். காலத்தை வேறு எப்படித் தீர்ப்பது.

முதல் இடம் ஒரு குன்றின் மேல் இருக்கும் கோட்டை. கோட்டை என்றால் இடுப்பளவு மதில், ஒரு வாசல், மழைநீர் தேங்கும் ஒரு குழி, அவ்வளவுதான். அந்த மதில்மேல் சிமெண்ட் பூசி, காய்வதற்குள் கரண்டியால் கோடு கீறி, கல் அடுக்கியதுபோலச் செய்திருந்தார்கள். உள்ளே நிஜமான கல் இருக்கிறது. கல்லை மூடிவிட்டு அதன்மேல் கல்லின் படம் வரைந்த மேதை யார் என்று பலகையில் தேடினேன். திறந்து வைத்தவர்களின் பெயர்கள் மட்டும் இருந்தன. வாசலுக்கு நேரே இதய வடிவத்தில் ஒரு இரும்புச் சட்டம் நட்டு, சிவப்புச் சாயம் அடித்து வைத்திருந்தார்கள். உள்ளே நின்று படம் எடுத்துக்கொள்ளவாம். ஒரு காலத்தில் அந்த வாசலில் காவல் நின்றவன் வந்து பார்த்தால் எதிரிக்கு அவனே கதவைத் திறந்துவிட்டிருப்பான்.

"எங்க ஃபேக்டரி காம்பவுண்டு சுவரு இதைவிடப் பழசாட்ட இருக்குதுடா" என்றான் தொழிற்சாலை நண்பன். சொல்லிவிட்டு அந்தச் சட்டத்துக்குள் போய் நின்று, கடைக்காரரைப் படம் எடுக்கச் சொன்னான். அவனுக்கு அறுபத்தாறு வயது.

கடைக்காரர் கைபேசியை வாங்கும்போது என்னிடம் சொன்னார். "அண்ணா, அந்தக் கவரைப் பிரிச்சுக் கையில எடுத்து வெச்சுக்கங்க. வாட்ச்மேன் கேட்டா ஒடனே காட்டிப்போடலாம்."

நான் மதில்மேல் உட்கார்ந்து பிரித்தேன்.

அனுமதி இல்லை என்று இருந்தது. அப்படி நேராக இருக்காது. அரசாங்கக் கடிதம் எதையும் நேராகச் சொல்லாது. பார்வை இரண்டில் காணும் வட்டாட்சியர் அலுவலகக் கடிதத்தில், மேற்படி கல் எவ்வித வழிபாட்டிலும் இல்லை என்றும், ஆட்சேபணை ஏதும் பெறப்படவில்லை என்றும் தெரிவிக்கப்பட்டுள்ளதால், புதிதாக வழிபாடு தொடங்க விதிகளில் இடமில்லை என்று இருந்தது. பாதுகாப்பில் எடுக்கும் நாளில் பூசை நடந்துகொண்டிருந்தால் அது தொடரலாம். நடக்கவில்லை என்றால் பிறகு தொடங்க முடியாது. அந்த விதி எனக்குப் புதிதல்ல. எவன் அந்த அறிக்கையை அனுப்பினான் என்று பார்வை இரண்டில் காட்டியிருந்த கடிதத்தின் எண்ணைப் பார்த்தேன். எண்ணுக்குப் பின்னால் பிரிவின் எழுத்தும் ஆண்டும் இருந்தன. அந்த ஆண்டு அந்தப் பிரிவு என்னுடையது.

ஞாபகம் வர நேரம் ஆகவில்லை. ஒரு படிவம் வந்திருந்தது. கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் போட்டு, இந்த நிலத்தில் உள்ள சிற்பம் வழிபாட்டில் உள்ளதா என்று கேட்டிருந்தார்கள். நல்ல மழைக்காலம். ஜீப் பணிமனையில் கிடந்தது. மூன்றாவது நினைவூட்டலும் வந்துவிட்டது. கிராம நிர்வாக அலுவலரிடம் போனில் கேட்டேன். அவரும் அந்தச் சரிவுக்குப் போனதில்லை. படிவத்தில் 'உண்டு' என்று எழுதினால் யார் கும்பிடுகிறார்கள், எந்த நாளில், ஐந்து பேர் வாக்குமூலம், வரைபடம் என்று இணைப்புகள் சேர்க்கவேண்டும். 'இல்லை' என்றால் ஒரு கையெழுத்து போதும். எந்த அலுவலகத்திலும் மழைக்காலத்தில் எது எழுதப்படும் என்று சொல்லத் தேவையில்லை. நான்தான் எழுதினேன். வட்டாட்சியர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். என் கடிதங்களை அவர் படிப்பதில்லை. அதை நான் பெருமையாக நினைத்த காலம் அது.

உறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். "என்னங்ணா, சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டார் கடைக்காரர். "முத்திரையெல்லாம் இருக்கு" என்றேன். அது பொய்யில்லை. அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டில் கற்றுக்கொண்டதில் அது ஒன்று.

இரண்டாவது இடம் நான்கு தூண் மண்டபம் ஒன்று. பல ஆண்டுச் சுண்ணாம்பை எடுக்கிறோம் என்று மணலை வேகமாக அடித்துச் சுத்தம் செய்திருந்தார்கள். சுண்ணாம்பு போயிருந்தது. கூடவே தூணில் இருந்த கல்வெட்டும் போயிருந்தது. கல்வெட்டு இருந்த இடம் குளியலறைத் தரைபோல வழுவழுவென்று இருந்தது. பக்கத்தில் புதிய பலகை ஒன்று, இங்கே உள்ள அரிய கல்வெட்டு என்று தொடங்கிப் பத்து வரி விளக்கியது. வேறொரு நாளாக இருந்தால் இதற்கு நான் முக்கால் மணி நேரம் பேசியிருப்பேன். நண்பனும் அதற்காகத்தான் என் முகத்தைப் பார்த்தபடி நின்றான். நான் காரைப் பார்த்து நடந்தேன். தூணைச் சிதைத்தவனாவது தூணுக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறான்.

இத்தலாருக்கு முன்னால் கேரட் கழுவும் இயந்திரம் ஓடும் இடத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். சிவந்த தண்ணீர் ரோட்டை நனைத்துக்கொண்டு ஓடியது. கடைக்காரரை அவருடைய மனைவி போனில் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"வெச்சாச்சுங்களா?"

"இன்னம் இல்ல. அண்ணன் ஆர்டர் வாங்கி வெச்சிருக்காரு. பத்தரைக்கெல்லாம் வெச்சிருவோம்."

"அண்ணன் பேரும் பத்திரிகையில போட்டிருக்கணுமுங்க. இத்தனை செஞ்சிருக்காரு" என்றது அந்தக் குரல்.

அவர் போனை வைத்ததும், டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நான் சொன்னேன். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று முதலில். அது ஏன் அப்படி இருக்கிறது என்று பிறகு. படிவம், மழை, ஜீப், இணைப்புகள் எல்லாம் வரிசையாகச் சொன்னேன். விளக்கம் கேட்டு வரும் குறிப்பாணைக்குப் பதில் எழுதுவதுபோல இருந்தது. இயந்திரச் சத்தத்தில் சில இடத்தில் இரண்டாம் முறை சொல்லவேண்டி வந்தது.

தொழிற்சாலை நண்பன் மட்டும் சிரித்தான். "ஏன்டா, ஊரே ஏமாத்துதுன்னு சொல்லிட்டிருந்தியே, அந்த ஊரு நீதானா?"

கடைக்காரர் சிரிக்கவில்லை. மீதி டீயைக் கீழே ஊற்றினார். அப்புறம் சொன்னார். "வருசா வருசம் அந்தக் கல்லுல பொங்கல் வெச்சு உங்க ஊட்டுக்குத் தூக்குப்போசியில குடுத்து உட்டமே. நீங்க சாப்புட்டீங்களே."

"சர்வே நம்பர்தான் இருந்துது. அதுதான் உங்க கல்லுன்னு தெரியல."

"தெரிஞ்சிருந்தா?"

தெரிந்திருந்தாலும் ஐந்து பேர் வாக்குமூலம் வாங்க மழையில் போயிருப்பேனா என்பது எனக்கு நிச்சயமில்லை. டீக்குக் காசு கொடுக்க எழுந்தேன்.

"போலாமுங்க சார்" என்றார் அவர். இருபத்தெட்டு வருசத்தில் முதல் முறையாக என்னை சார் என்றார்.

கல் இருக்கும் இடத்துக்குப் போகும்போது மணி பதினொன்றாகிவிட்டது. தேயிலைக்கு நடுவே புதிதாகப் படிக்கட்டு, பச்சை வேலி, வாசலில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. கொட்டகையில் காவல்காரர் இருந்தார். சின்ன வயதில் பெற்றோரோடு இலங்கையிலிருந்து வந்து எஸ்டேட்டில் வேலை செய்தவராம். இப்போது பகல் காவல். வேலிக்கு வெளியிலிருந்தே கல் தெரிந்தது. மூன்றாக உடைந்திருந்ததை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். எந்தத் துண்டு எங்கே என்று மறக்காமலிருக்க மஞ்சள் ஆயில் பெயிண்டில் எண் எழுதியவர்கள் அதை அழிக்க மறந்திருந்தார்கள். வீரனின் தொடையில் இரண்டு. புலியின் நெற்றியில் மூன்று. காலடியில் வாடிய சாமந்தி கொஞ்சம் கிடந்தது.

நான் கடிதத்தை எடுக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. கடைக்காரர் தன் பெயரைச் சொன்னதும் காவல்காரர் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து அதன் நகலை எடுத்தார்.

"உங்க பேருக்குத்தான் ஆர்டர் வந்திருக்குங்க ஐயா. இவர கும்பிட விடக்கூடாதுன்னு."

"அங்க பூ கெடக்குதே, அது யாருங்க?" என்று கேட்டான் தொழிற்சாலை நண்பன்.

"அது எஸ்டேட் லயத்து வீடுகள்ல இருக்கிற பொம்பளைங்க. வெள்ளிக்கிழம வாறாங்க, வச்சிட்டுப் போறாங்க. சிறுத்த நடமாட்டம் இருக்கில்ல, பயந்த சனம். ஆபீசர் வாற அன்னிக்கு நான் கூட்டி அள்ளிடுவேன்."

"அப்ப எங்களை மட்டும் ஏனுங்க தடுக்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

காவல்காரர் சங்கடத்தோடு நகலைத் தடவினார். "அவங்க யாரும் மனுப் போடலீங்களே. நீங்களும் போடாம வந்திருந்தா நான் பாட்டுக்கு டீ குடிக்கப் போயிருப்பேன். இப்ப உங்க பேரோட கடுதாசி வந்திட்டுது. நாளைக்கு ஒண்ணுன்னா என்னத்தான் கேப்பாங்க. எந்தப் புத்திசாலிங்க உங்கள மனுப் போடச் சொன்னது?"

யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அது காட்டிக்கொடுத்ததைவிட மோசமாக இருந்தது.

அவரிடமிருந்து நகலை வாங்கி மறுபடி படித்தேன். ராகு காலத்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. இந்த மாதிரிக் கடிதத்தில் ஓட்டை இல்லாமல் இருக்காது. எழுதியவன் என்னைப் போன்றவன்தான். "இவரை உள்ளே விடக்கூடாதுன்னு இதில எங்கயும் இல்ல" என்றேன். "வழிபடத்தான் அனுமதி இல்ல. சீட்டு வாங்கிக்கிட்டுப் பாக்க வர்றவரா இவர் உள்ள போகலாம். கூட வர்றவர் பத்தி இதில ஒண்ணுமே இல்ல."

காவல்காரர் யோசித்தார். "உள்ள வரலாம். ஆனா கையெடுத்துக் கும்பிடக் கூடாதுங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் நிப்பேன். அது என் வேல."

"கையைத்தானே?" என்றேன். "தலை குனியறதைப் பத்தி இதில இருக்கா?"

அவர் நகலைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "இல்லீங்க."

பத்திரிகையை யார் வைப்பது என்ற கேள்வி அப்போது வந்தது. நான் கையை நீட்டினேன். அது நியாயம் என்று எனக்குத் தோன்றியது. கடைக்காரர் என் கையைப் பார்த்துவிட்டு, மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தொழிற்சாலை நண்பனிடம் கொடுத்தார். "நீங்க வெச்சுக் குடுங்க. உங்க தங்கச்சி மக மாதிரிதானுங்க அவ."

"நான் காலமெல்லாம் வெடிமருந்து தொட்ட கையப்பா" என்றான் அவன். ஆனால் வாங்கிக்கொண்டான். செருப்பைக் கழற்றிப் போட்டான். விளையாட்டுப் பேச்சு நின்றிருந்தது.

இரண்டு பேரும் படிக்கட்டில் இறங்கிப் போனார்கள். கடைக்காரர் இரண்டு கையையும் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டார். காவல்காரர் வேலிக்குள் நின்று, அந்தப் பைகளையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நண்பன் மண்டியிட்டு, பத்திரிகையை வீரனின் காலடியில் சாமந்திக்குப் பக்கத்தில் வைத்தான். பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் தேதியையும் சத்தமாகச் சொன்னான். மண்டபத்தின் பெயரையும் சொன்னான். வழி தெரியாமல் போய்விடக்கூடாது என்றிருக்கலாம். கடைக்காரர் தலையைக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. ஸ்வெட்டர் பைகள் இரண்டும் உள்ளேயிருந்து இறுகி, கம்பளி முன்பக்கம் இழுபட்டு நின்றது. பிறகு அவர் தோள் குலுங்கியது. காவல்காரர் முகத்தைத் தேயிலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் பார்க்கவேண்டியது கையை மட்டும்தான்.

நான் கொட்டகையில் நின்றேன். மேசைமேல் இரண்டு பதிவேடுகள் இருந்தன. ஒன்று மாத அறிக்கை. வழிபாடு ஏதும் நடைபெற்றதா என்ற கட்டத்தில் மாதந்தோறும் 'இல்லை', 'இல்லை' என்று கீழ்நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. சாமந்தி பூக்காத மாதமே இல்லாத மலையில் இது. என்னுடைய ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு ஏழை மனிதர் மாதக்கணக்காகப் பொய் எழுதிக்கொண்டிருந்தார். மற்றது பார்வையாளர் கருத்துப் பதிவேடு. பக்கங்களுக்கு எண் அச்சிட்டிருந்தது. கிழித்தால் தெரியும். ஆண்டாய்வுக்கு வருகிற அதிகாரி அதைப் படித்துக் கையெழுத்திடவேண்டும். அதுவரை அதில் 'சூப்பர்' என்றும், 'கழிப்பறை வேண்டும்' என்றும் எழுதியிருந்தார்கள்.

நான் எழுதினேன். இன்று இந்தக் கல்லின் காலடியில் பூக்கள் இருப்பதைக் கண்டேன் என்று எழுதினேன். எனக்குத் தெரிந்து இருபத்தெட்டு ஆண்டாக ஒரு குடும்பம் இங்கே பொங்கல் வைத்து வருகிறது, அந்தப் பொங்கலை நான் சாப்பிட்டிருக்கிறேன் என்று எழுதினேன். வட்டாட்சியர் அலுவலகக் கடிதத்தின் எண்ணைப் போட்டு, அது இடத்தைப் பார்க்காமல் என்னால் தயாரிக்கப்பட்டது, உண்மையல்ல என்று எழுதினேன். பெயர், கடைசியாக வகித்த பதவி, ஓய்வு, கையெழுத்து, நேரம். ஓய்வு பெற்றவன்மேல் நான்கு ஆண்டுக்கு மேற்பட்ட பழைய தவறுக்கு நடவடிக்கை எடுக்க முடியாது என்ற விதியும் எழுதும்போதே ஞாபகம் வந்தது. அது ஞாபகம் வராமல் எழுதியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

காவல்காரர் திரும்பி வந்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். "நீங்கதானா அது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பார்த்து நாளான ஆளை அடையாளம் கண்டுகொண்டதுபோலச் சொன்னார். அப்புறம், "இதால என் வேலைக்கி ஒண்ணும் வராதுங்களா?" என்று கேட்டார்.

"பூவை யார் வெச்சாங்கன்னு நான் எழுதல. பூ இருந்துதுன்னு மட்டும்தான் எழுதினேன். உங்களை யாரும் கேக்க முடியாது."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நம்ப வேண்டிய காரணமும் இல்லை.

மேலே வந்ததும் கடைக்காரர் காருக்குப் பக்கத்தில் நின்று மனைவிக்குப் போன் செய்தார். "வெச்சாச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் பதிவேட்டில் எழுதியதைத் தொழிற்சாலை நண்பன் அவரிடம் சொன்னான். அதைக் கொண்டு மேல்முறையீடு செய்தால் அடுத்த வருசத்துக்குள் தடை நீங்க வழி இருக்கிறது என்று நானும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "அந்த மனுவை நான் வக்கீலை வெச்சே எழுதிக்கறனுங்க" என்றார்.

டிக்கியைத் திறந்து, பெட்டியின் டேப்பைக் கிழித்து, ஒரு பத்திரிகையை எடுத்து, சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தில் குங்குமம் தொட்டு வைத்து, தொழிற்சாலை நண்பனிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். "குடும்பத்தோட வந்தரோணுங்க." தாய்மாமனுக்கு முன்னால் அவனுக்குக் கிடைத்துவிட்டது. அவன் என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "சாருக்கு ஊட்டுக்கு வந்து வெக்கறனுங்க. அதுதானுங்க முறை."

வீட்டுக்கு வந்து வைப்பதுதான் முறை. அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. எங்கள் தெருவில் பெரும்பாலும் எல்லா வீட்டுக்கும் வைத்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்கு நேற்று மாலை கணவனும் மனைவியுமாகத் தட்டோடு வந்து போனார்கள். நான் வாசல் விளக்கைப் போட்டு வைத்திருந்தேன்.